குதிரை ஓடிடுச்சு, ஃபைல்தான் நகரல

ரேஸ் குதிரைல எக்ஸர்சைஸ் ஃபிசியாலஜி பண்ணலாம்னு வெட்னரி பிஎச்டில யாராவது சேர்ந்திருந்தீங்கன்னா இதைப் படிச்சிட்டுப் போங்க. சப்ஜெக்ட் அருமை, அதுல மாத்துக் கருத்தே இல்ல. சும்மா நிக்கும்போது நிமிஷத்துக்கு 30, 40 தடவை துடிக்கிற இதயம் முழு வேகத்துல 220ஐத் தாண்டறதை மானிட்டர்ல பாக்கறது தனி சந்தோஷம். ஆனா அந்த மானிட்டரை குதிரை மேல கட்டறதுக்குள்ள என் உசுரு போயிடுச்சு.

எலி, முயல்னா காலேஜ் எத்திக்ஸ் கமிட்டியே ஓகே பண்ணிடும். குதிரை பெரிய விலங்கு, அதனால இவங்க சிபாரிசு மட்டும்தான் பண்ணுவாங்க, ஃபைல் டெல்லிக்கு, விலங்கு ஆராய்ச்சியைக் கண்காணிக்கற மத்திய அரசு கமிட்டியான சிசிஎஸ்இஏவுக்குப் போகணும், பழைய ஆளுங்க இன்னும் சிபிசிஎஸ்இஏன்னுதான் சொல்றாங்க. கமிட்டில பிரச்சனையே இல்ல. மாட்டினது செக்‌ஷன் கிளார்க் கிட்ட. ஆராய்ச்சி முடிஞ்சதும் விலங்கை என்ன செய்வீங்கன்னு ஃபார்ம் பி-ல கேப்பாங்க, லேப் எலியை மனசுல வெச்சு போட்ட கேள்வி. நான் "அடுத்த வாரம் ரேஸ்ல ஓடும்"னு எழுதியிருந்தேன். மனுஷன் கண்ணாடியை மூக்கு நுனிக்கு எறக்கிட்டு, "என்னம்மா கிண்டலா? டிஸ்போசல்னு போட்டிருக்கு பாருங்க, புதைக்கறதா எரிக்கறதான்னு எழுதுங்க"ங்கறாரு. லட்சக்கணக்குல காசு போட்டு வாங்கின குதிரைய நான் எதுக்கு சார் புதைக்கப் போறேன்? கடைசில "உரிமையாளரிடம் திரும்ப ஒப்படைக்கப்படும்"னு எழுதினதும் சத்தமில்லாம வாங்கிக்கிட்டாரு. அந்த வரியை அப்படியே காப்பி பண்ணிக்கோங்க.

அடுத்தது ஓனர் சம்மதக் கடிதம். ட்ரெயினர் கையெழுத்து செல்லாதாம். ரேஸ் குதிரை முக்கால்வாசி பார்ட்னர்ஷிப்லதான் இருக்கும், ஒருத்தர் குன்னூர், ஒருத்தர் துபாய், ஒருத்தர் போனே எடுக்க மாட்டாரு, எல்லார் கையெழுத்தும் வேணும். துபாய்க்காரர் ஸ்கேன் பண்ணி அனுப்பினாரு, ஒரிஜினல் இல்லைன்னு திருப்பிட்டாங்க, அப்புறம் கூரியர். இன்னொருத்தர் சைன் பண்றதுக்கு முன்னாடி "இந்த டெஸ்ட் பண்ணா ஞாயித்துக்கிழமை ஜெயிக்குமா"ன்னு கேட்டாரு.

பர்மிஷன் வந்துச்சு. சரி, இனிமே ரத்தம் எடுக்கற வேலைதானேன்னு போனா அங்க வேற கூத்து. ஓடும்போது தசைல உருவாகி ரத்தத்துல ஏறற லாக்டேட்டை அளக்க சாம்பல் மூடி ஃப்ளோரைடு ட்யூப் வேணும், இல்லைன்னா ட்யூபுக்குள்ளயே சிவப்பணு குளுக்கோஸைத் தின்னு லாக்டேட்டை ஏத்திக்கிட்டே இருக்கும். ஸ்டோர்ஸ்ல ஊதா மூடி குடுத்துட்டு "எல்லாம் ட்யூப்தானேம்மா"ங்கறாங்க. பார்சலை அங்கயே பிரிச்சுப் பாருங்க. ஐஸும் நீங்களே கொண்டு போயிடுங்க, சென்ட்ரிஃப்யூஜ் ரூம் சாவி யார் கிட்ட இருக்குன்னு முந்தின நாளே கேட்டு வெச்சுக்கோங்க, சாவி வெச்சிருக்கறவர் பத்து மணிக்கு வர்ற வரைக்கும் கதவு முன்னாடி ஐஸ் உருகறதைப் பாத்துட்டு உக்காந்திருந்தவ சொல்றேன்.

அதை விட பெரிய தலைவலி ரெஸ்ட் சாம்பிள், அதாவது குதிரை அமைதியா நிக்கும்போது எடுக்கற ரத்தம். குதிரைக்கு மண்ணீரல்தான் சிவப்பணு குடோன். ஓடினா மட்டுமில்ல, பயந்தாலே அது சுருங்கி சரக்கை ரத்தத்துல எறக்கிடும். ரத்தத்துல சிவப்பணு எத்தனை சதவீதம்னு சொல்ற பிசிவி 35, 40 இருக்கணும், என் வெள்ளை கோட்டைப் பாத்ததுமே நின்ன இடத்துலயே 50. 1960கள்ல ஸ்வீடன்ல சூன் பெர்சன் குதிரையை ட்ரெட்மில்ல ஓட விட்டு ரத்த அளவெல்லாம் அளந்தவரு, அந்த பேப்பரையெல்லாம் படிச்சிட்டுப் போன நான் லாயத்துல முழிச்சிட்டு நிக்கறேன். குதிரையைப் பாத்துக்கற சைஸ்தான், "கோட்டைக் கழட்டுங்கம்மா, விடியறதுக்கு முன்னாடி வாங்க, ஓட்ஸ் வாளி சத்தம் கேக்கறதுக்குள்ள எடுத்துடலாம்"னாரு. மறுநாள் இருட்டுல அவரு குதிரையோட பிடரி கிட்ட சொறிஞ்சு விட்டுக்கிட்டே ஒரு கையால அதோட கண்ணை மறைச்சுக்கிட்டாரு, ஊசி போனதே அதுக்குத் தெரியல. பிசிவி 38! லாயத்துலயே கத்தாத குறை. தீசிஸ் நன்றிப் பக்கத்துல கைடுக்கு அடுத்த பேர் அவரோடதுதான்.

அடுத்த ஸ்டடிக்கு போலோ குதிரை பாத்து வெச்சிருக்கேன். வயசு, உடம்பு எல்லாம் அப்புறம், முதல்ல விசாரிச்சது ஓனர் எத்தனை பேருன்னுதான். ஒருத்தர். உள்ளூர்லயே இருக்காரு.