ஐந்து செயல்முறைகள், இரண்டு தலைவர்கள்

பல கணினிகள் ஒரே முடிவுக்கு வருவதற்கான ராஃப்ட் நெறிமுறையை, கல்லடியில் என் வீட்டு மேசையில், ஒரேயொரு மடிக்கணினியில், எர்லாங் என்னும் நிரல் மொழியில் எழுதிப் பார்த்தேன். தொலைபேசி இணைப்பகங்களுக்காக 1980களில் எரிக்சன் நிறுவனத்தில் உருவாகி, 1998இல் திறந்த மூலமாக்கப்பட்ட இம்மொழியில், நினைவகத்தைப் பகிராமல் செய்திகளை மட்டுமே பரிமாறும் சிறு செயல்முறைகளை ஆயிரக்கணக்கில் உருவாக்கலாம். எனக்கு ஐந்தே போதுமாயிருந்தன.

தற்போதைய நிலையையும் வந்த செய்தியையும் பெற்று, புதிய நிலையையும் அனுப்பவேண்டிய செய்திகளையும் திருப்பித் தரும் ஒரே சார்பாக நெறிமுறை முழுவதையும் அமைத்தேன். இந்த அமைப்பின் அருமை பின்னர்தான் புரிந்தது. ராஃப்டில் செயல்முறைகள் வாக்களித்துத் தங்களுள் ஒன்றைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கும்; ஒவ்வொரு தவணையிலும், அதாவது தேர்தல் சுற்றிலும், ஐந்தில் மூன்று வாக்குகள் பெற்றவரே தலைவர். ஆனால், வாக்களித்த செயல்முறையொன்றை வேண்டுமென்றே நிறுத்தி மீண்டும் தொடக்கியபோது, ஒரே தவணையில் இரண்டு தலைவர்கள் தோன்றினர். நிகழ்ந்த அனைத்தையும் பதிவுசெய்திருந்ததால், அதே வரிசையில் அவற்றைச் சார்புக்குக் கொடுத்துப் பிழையை அப்படியே மீண்டும் வரவழைக்க முடிந்தது: யாருக்கு வாக்களித்தது என்பதைக் கணினியின் வட்டில் எழுதாமலேயே அச்செயல்முறை பதில் அனுப்பியிருந்தது; மீண்டும் தொடங்கியதும் அதை மறந்து இன்னொருவருக்கும் வாக்களித்துவிட்டது. மின்சாரம் திடீரென நின்றால் உண்மையான கணினிக்கும் இதுவே நேரும்.

வட்டில் எழுதிய பின்னரே பதில் செல்லுமாறு மாற்றினேன். அதே நிகழ்வுகளுக்கு இம்முறை ஒரே தலைவரே வந்தார்.