பாம்பன் பாலமும் 11 வருஷத்துக் கைலியும்

என்னிடம் ஒரு கைலி இருந்தது. 'இருந்தது' என்று எழுதவே கை வரவில்லை. வாங்கும்போது நீலக் கட்டம் போட்டது. 11 வருஷத்தில் நீலம் கிளம்பிப் போய்விட்டது, கட்டம் மட்டும் உற்றுப் பார்த்தால் தெரியும்.

புதுக் கைலி என்பது துணியே இல்லை, அட்டை. கஞ்சி ஏறி மொடமொடவென்று நிற்கும். நடந்தால் சரக் சரக்கென்று சத்தம் நமக்கு முன்னால் போய்ச் சேரும். இரண்டு மீட்டரை மூட்டி, ஊறப்போட்டு, அலசி, மறுபடி அலசி, ஒரு வருஷம் கட்டிப் புரண்டால்தான் கொஞ்சம் வழிக்கு வரும். நாலாம் வருஷம் நூல் தளர்ந்து மெத்தென்று ஆகும். ஏழு வருஷம் தாண்டிவிட்டால் அதன் சங்கதியே வேறு. காசு கொடுத்து வாங்க முடியாத துணி அது.

பாம்பன் பாலத்துக்கு இந்தக் கரையில் இருக்கும் எங்கள் மண்டபம் ஊரில் வெயிலை விடப் பிசுபிசுப்புதான் பெரிய தொல்லை. உப்புக் காற்றில் பேண்ட் போட்டுக்கொண்டு ஒரு பகல் முழுக்க வேலை பார்ப்பது, ஈரச் சாக்குக்குள் காலை விட்டுக்கொண்டு நிற்பது மாதிரி. சாயங்காலம் வந்து, கிணற்றுத் தண்ணீரை நாலு வாளி ஊற்றி, கொடியில் கிடக்கும் கைலியைத் தலை வழியாகப் போடுவேன். வெயிலின் சூடு அதில் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கும். இடுப்பில் சுருட்டிச் செருகிக்கொண்டு திண்ணையில் கால் நீட்டினால், காற்று கணுக்காலில் விசாரித்துவிட்டு மெதுவாக மேலே ஏறும். அப்போது 'ஆ...' என்று ஒரு சத்தம் தானாக வரும். பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை முதுகுவலியா என்று கேட்டார். ராத்திரி முடிச்சைத் தளர்த்திக் கழுத்து வரை இழுத்துக்கொண்டால் அதுவே போர்வை, அதுவே கொசுவலை.

வீட்டம்மாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது. "வெளிச்சத்துல நிக்காதிய. அந்தாண்ட இருக்குற தென்னமரம் தெரியுது."

மீன்பிடித் தடைக்காலம் 61 நாள் ஜூன் 14-ஆம் தேதி முடிந்து, கடலுக்குப் போன விசைப்படகுகள் கரை திரும்பிய காலை. பாம்பனில் இருந்து மச்சான் போன் பண்ணினார். "நண்டு வந்திருக்கு மாப்ள. உடனே வந்தா உண்டு." நண்டு என்று கேட்ட பிறகு பேண்ட் தேடுகிறவன் இந்தக் கடற்கரைக்காரனே இல்லை. கட்டிய கைலியோடு வண்டியை எடுத்தேன். உள்ளே டவுசர் இருந்தது. இல்லையென்றால் இந்தப் பதிவை எழுதும் தைரியம் வந்திருக்காது.

ரோட்டுப் பாலம் இரண்டே கால் கிலோமீட்டருக்கு மேல். ஆனி மாதம் தென்கடல் பக்கம் இருந்து சோழகக் காற்று அடித்தால், பாலத்தின் உச்சியில் வண்டியே ஒருச்சாய்த்துத்தான் போகும். பழைய கைலியின் குணம் ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். மெத்தென்று ஆகிவிட்ட துணி இடுப்பைப் பிடிக்காது, நழுவும். ஆக ஒரு கை ஹேண்டில்பாரில், ஒரு கை இடுப்பில்.

உச்சியில் ஒரு கார். வண்டியை நிறுத்தக் கூடாத இடம்தான், ஆனால் யார் கேட்கிறார்கள்? 2025-ல் திறந்த ரயில் தூக்குப் பாலத்தையும் 1914-ஆம் வருஷத்துப் பழைய பாலத்தையும் சேர்த்துப் படம் பிடிக்க அங்கே எப்போதும் கூட்டம்.

"சம்பந்தி!"

மதுரையிலிருந்து ராமேஸ்வரத்துக்குத் தீர்த்தமாட வந்திருக்கிறார்கள். மகளுக்கு நிச்சயம் முடிந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. சம்பந்தி, சம்பந்தியம்மா, மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் அத்தைமார் இரண்டு பேர். எல்லாரும் ஒரே நேரத்தில் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

வணக்கம் சொல்ல இரண்டு கை வேண்டும். அன்றைக்குத்தான் அது எனக்கு உறைத்தது. ஒரு கையை நெஞ்சில் வைத்து, தலையை மட்டும் ஆட்டினேன். திமிர் பிடித்தவன் என்று நினைத்திருப்பார்கள்.

"வாங்க, ஒரு போட்டோ எடுத்துக்குவோம்" என்று இழுத்து நடுவில் நிறுத்தினார்கள். முதுகுக்குப் பின்னால் தென்கடல். கீழே புகுந்த காற்று ஒரே மூச்சில் கைலியை வள்ளத்துப் பாய் மாதிரி விரித்தது. இரண்டு கையாலும் அமுக்கினேன். அமுக்கியது போதாதென்று பாதி உட்கார்ந்தேன். 11 வருஷம் திண்ணையில் தேய்ந்த அந்த இடத்தில், 'டர்ர்'.

அத்தைமார் சட்டென்று கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள். மாப்பிள்ளை தன் துண்டை எடுத்து நீட்டினார். நல்ல பையன், சீர்வரிசையில் குறை வைக்கக் கூடாது என்று அங்கேயே முடிவு பண்ணினேன்.

சம்பந்தி மட்டும் நகரவில்லை. தொங்கிய கிழிசலின் ஓரத்தை இரண்டு விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். கண் கொஞ்சம் சொருகியது. "எத்தனை வருஷம்?"

"11."

"என்கிட்ட 14 வருஷத்துல ஒண்ணு இருந்துச்சு சம்பந்தி" என்று குரலைத் தாழ்த்தினார். "போன பொங்கலுக்கு வீட்ல வெள்ளையடிச்சாங்க. நான் ஊர்ல இல்ல." அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. அந்தப் பக்கம் சம்பந்தியம்மா தூக்குப் பாலத்தை ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

துண்டைச் சுற்றிக்கொண்டு பாம்பன் போய்ச் சேர்வதற்குள் நண்டு தீர்ந்துவிட்டது. மச்சான் எடுத்து வைத்திருந்த அரைக் கிலோதான் மிச்சம்.

மத்தியானம் நண்டுக் குழம்புச் சட்டியை வீட்டம்மா அடுப்பிலிருந்து இறக்கியது கைலியின் ஒரு பாதியால். "இவ்வளவு மெத்துனு ஒரு கரித்துணி நம்ம வீட்ல இருந்ததே இல்லீங்க" என்றாள். மறு பாதி எங்கே என்று இரண்டு நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறாள். என் தலையணை உறைக்குள் இருக்கிறது.