சாம்பல் சேவலும் அழுக்கு வெள்ளைப் பெட்டையும்

காங்கேயம் பக்கம் சாம்பல் நிறக் கோழிக்கு எப்போதும் ஆள் இருக்கிறது. குண்டடம் சந்தைக்கு நல்ல சாம்பல் சேவல் ஒன்றைக் கொண்டுபோனால், கூடையை இறக்கும் முன்பே தூக்கிப் பார்க்க நாலு பேர் வந்துவிடுவார்கள். ஆனால் அதே நிறத்தைப் பெருக்க நினைப்பவர்கள் எல்லோருக்கும் ஒரே குறைதான்: "சாம்பலுக்குச் சாம்பலே சேர்த்தாலும் பாதிதானுங்க சாம்பல் வருது. மீதி கருப்பும் வெள்ளையுமாப் போயிருதுங்க." ரத்தம் கலந்துவிட்டது என்பார்கள், பெட்டை சரியில்லை என்பார்கள். ஒரு கலப்பும் இல்லை. அந்த நிறத்தின் இயல்பே அப்படி. எங்கள் தோட்டத்தில் ஜோடி போட்டு, பொறித்த குஞ்சுகளை நிறம் பார்த்து நோட்டில் எழுதி வந்ததில் இது தெளிவாகத் தெரிந்தது.

சாம்பல் என்பது தனி நிறமல்ல, வெளுத்துப்போன கருப்பு. கருப்பை வெளுக்க வைக்கும் மரபணு ஒன்று இருக்கிறது. அது ஒரு பங்கு கிடைத்த கோழி சாம்பலாகும். அப்பனிடம் ஒன்று, ஆத்தாளிடம் ஒன்று என இரண்டு பங்கும் கிடைத்துவிட்டால் இன்னும் வெளுத்து, அழுக்கு வெள்ளை உடம்பில் அங்கங்கே கருநீலத் திட்டு தெறித்த மாதிரி ஆகிவிடும். ஒரு பங்கும் கிடைக்காதது முழுக் கருப்பு. பள்ளிப் பாடத்தில் முழுமையற்ற ஓங்குத்தன்மை என்று படித்தோமே, அதேதான். ஆக, சாம்பல் கோழி எதுவானாலும் பாதிதான் சுமக்கும். இரண்டு பாதிகளைச் சேர்த்தால் கால் பங்கு கருப்பு, பாதி சாம்பல், கால் அழுக்கு வெள்ளை என்றுதான் பிரியும். அண்டலூசியன் என்ற ஐரோப்பிய இனத்தில் இந்தக் கணக்கை நூறு வருடத்துக்கு முன்பே போட்டுக் காட்டிவிட்டார்கள்.

ஜோடி போடுவதற்கு முன் ஒரு விஷயத்தில் கறாராக இருந்தேன். பெட்டையின் வயிற்றில் பழைய சேவலின் விந்து இரண்டு மூன்று வாரம்கூட உயிரோடு இருக்கும். அதனால் பெட்டைகளை மூன்று வாரம் தனியாக அடைத்து, அதற்கப்புறம்தான் புதுச் சேவலை விட்டேன். முட்டையில் பென்சிலால் பெட்டையின் அடையாளம் எழுதி, கூர்முனை கீழே இருக்கும்படி வைத்து, ஒரு வாரத்துக்குள் அடைக்கு வைத்துவிடுவேன். அடைக்குச் சிறுவிடை என்ற சின்ன ரக நாட்டுக்கோழிதான். பெருவிடைப் பெட்டை கனம், முட்டையை மிதித்து உடைக்கும். சித்திரை வெயிலில் மட்டும் வைப்பதில்லை, கூமுட்டைதான் மிஞ்சும்.

முதல் ஜோடி சாம்பல் சேவலும் சாம்பல் பெட்டைகளும். பத்தொன்பது குஞ்சு பொறித்தது. ஆறு கருப்பு, எட்டு சாம்பல், ஐந்து அழுக்கு வெள்ளை. காசு சுண்டிப் பார்க்கிற மாதிரிதான் இது. ஒரு அடையில் கணக்கு கொஞ்சம் இப்படி அப்படிப் போகும், நாலைந்து அடையைச் சேர்த்துப் பார்த்தால் கால், பாதி, காலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

பொறித்த அன்றே நிறத்தைப் பிரித்துவிடலாம், கண் பழக வேண்டும், அவ்வளவுதான். கருப்பாக வளரப்போகிற குஞ்சு முழுக் கருப்பாக இருக்காது. முதுகு கருப்பு, தாடையும் வயிறும் மஞ்சள் கலந்த வெள்ளை, றெக்கை நுனியிலும் வெள்ளை. புதிதாகப் பார்ப்பவர்கள் கலப்பு என்று தள்ளிவிடுவார்கள், சிறகு மாறும்போது அந்த வெள்ளை போய்விடும். சாம்பல் குஞ்சின் முதுகு சிலேட்டுப் பலகை நிறம். இரண்டு பங்கு கிடைத்த குஞ்சு புகை படிந்த வெளிர் மஞ்சள். நான் அன்றைக்கே காலில் நிறத்துக்கு ஒன்றாக பிளாஸ்டிக் வளையம் போட்டுவிடுவேன். குஞ்சு வளர வளர வளையத்தை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் காலில் இறங்கிவிடும்.

இரண்டாவது ஜோடிதான் நான் ரொம்ப ஆசையாகப் போட்டது. முழுக் கருப்புச் சேவல், அழுக்கு வெள்ளைப் பெட்டைகள். பெரியப்பா கொடாப்பைத் திறந்து பார்த்துவிட்டு, "ஏன் கண்ணு, சாம்பல் வேணும்னு சொல்லிப்போட்டு ரெண்டுல ஒண்ணுகூடச் சாம்பல் இல்லையே!" என்றார். "பொறிக்கட்டுங்க பெரியப்பா, அப்பறம் சொல்லுங்க" என்றேன். பொறித்த அத்தனையும் சாம்பல். அடுத்த அடையிலும் அப்படியே. சேவலிடம் கொடுக்க வெளுக்கும் மரபணு ஒன்றுமில்லை, பெட்டையிடம் கொடுக்க அது மட்டும்தான் இருக்கிறது. அப்படியானால் ஒவ்வொரு குஞ்சுக்கும் சரியாக ஒரு பங்குதான் போய்ச் சேரும். பெரியப்பா இப்போது அவர் தோட்டத்துக்கும் ஒரு அழுக்கு வெள்ளைப் பெட்டை கேட்டு வைத்திருக்கிறார்.

சந்தையில் இந்தப் பெட்டைக்கு மதிப்பே இல்லை. கறிக்கோழி விலைக்கு மேல் யாரும் கேட்பதில்லை. சாம்பல் வளர்க்க நினைப்பவர் முதலில் தேடி வாங்க வேண்டியது அதைத்தான். ஆனால் திட்டு இருக்கிறதா என்று முதுகையும் கழுத்தையும் நன்றாகப் புரட்டிப் பார்த்து வாங்குங்கள். ஒரு திட்டும் இல்லாத கொக்கு வெள்ளை வேறு சங்கதி. வெள்ளைக்கு அடியில் எந்த நிறம் ஒளிந்திருக்கிறது என்று பார்வைக்குத் தெரியாது, அதை இந்தக் கணக்கில் சேர்த்தால் நோட்டே குழம்பிவிடும்.

அதேபோல, சாம்பல் ஜோடியில் பிறந்த கருப்புக் குஞ்சை "உள்ளே சாம்பல் இருக்கும்" என்று நம்பி வைத்திருப்பவர்கள் உண்டு. இருக்காது. ஒரு பங்கு இருந்திருந்தால் அதுவே சாம்பலாகியிருக்கும். அந்தச் சேவல்களை நான் கருப்பணசாமிக்கு நேர்ந்துகொண்டு ஒரு சிறகுகூடக் கலக்காத கருஞ்சேவல் கேட்டு வருபவர்களுக்குக் கொடுத்துவிடுகிறேன்.

செவலையில் போட்டுப் பார்த்ததுதான் எனக்குப் பெரிய சந்தோஷம். இந்த மரபணு கருப்பை மட்டும்தான் வெளுக்கும், சிவப்பைத் தொடாது. சாம்பல் சேவலைச் செவலைப் பெட்டைக்கு விட்டதில் பாதி கருப்பு, பாதி சாம்பல். சேவல் குஞ்சுகளுக்குக் கழுத்திலும் இடுப்பிலும் தங்க நிறம் கசிந்திருந்தது. அதில் ஒரு சாம்பலை மறுபடி செவலைக்கே விட்டேன். அதன் பிள்ளைகளில் ஒரு சேவல் கழுத்தும் முதுகும் நல்ல செம்பு, நெஞ்சும் வாலும் சாம்பல். செவலைச் சேவலுக்குக் கருப்பாக இருக்க வேண்டிய இடமெல்லாம் சாம்பலாகியிருக்கிறது. காலை வெயிலில் அது செருக்கிக்கொண்டு நிற்கும்போது நெஞ்சுச் சிறகு ஒவ்வொன்றின் ஓரத்திலும் மெல்லிய கருங்கோடு தெரியும். அதன் கூடப் பிறந்த பெட்டையோ பார்வைக்கு முழுச் செவலை. வாலை விரித்தால்தான் உள்சிறகில் சாம்பல் தெரிகிறது. சந்தையில் இதைச் செவலை என்று வாங்கிப் போகிறவர் வீட்டில் அடுத்த வருடம் சாம்பல் குஞ்சு பொறிக்கும், எங்கிருந்து வந்தது என்று அவர் தேடிக்கொண்டிருப்பார்.

இதற்கிடையில் வரிச்சிறகுப் பெட்டை ஒன்று கிடைத்தது. கருப்பில் குறுக்கே வெள்ளை வரி ஓடுகிற ரகம். இந்த வரி போகிற வழி வேறு. ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கும் இசட் குரோமோசோம் கோழியில் சேவலுக்குத்தான் இரண்டு, பெட்டைக்கு ஒன்றே ஒன்று. வரி அந்த இசட்டில் உட்கார்ந்திருக்கிறது. பெட்டை தன் ஒரே இசட்டைக் கொடுப்பது ஆண்பிள்ளைக்கு மட்டும்தான். எனவே வரிப்பெட்டைக்கு வரியில்லாத கருஞ்சேவலை விட்டால் சேவல் குஞ்செல்லாம் வரியோடும், பெட்டைக் குஞ்செல்லாம் வரியில்லாமலும் வரும். பொறித்த அன்றே உச்சந்தலையில் வெள்ளைப் பொட்டு இருந்தால் சேவல், இல்லாவிட்டால் பெட்டை. முதல் உலகப்போர்க் காலத்தில் இங்கிலாந்தில் தீனித் தட்டுப்பாடு வந்தபோது, சேவல் குஞ்சைச் சிறகு நிறத்தை வைத்து அன்றைக்கே பிரித்துவிடலாம் என்று யோசனை சொன்னவர் பன்னட். பாடப் புத்தகத்தில் நான்கு கட்டம் போடுவோமே, அந்தப் பன்னட்தான். வரிச்சேவலை வைத்து வரியில்லாத பெட்டையோடு சேர்த்தால் இந்த அடையாளம் கிடைக்காது, அப்பன் மகனுக்கும் மகளுக்கும் இசட்டைக் கொடுத்துவிடுவான்.

இப்போது அழுக்கு வெள்ளைச் சேவல் ஒன்றை வளர்த்து எடுத்திருக்கிறேன். அதை அந்த வரிப்பெட்டைக்குத் தனியாக விட்டிருக்கிறேன். கணக்குப்படி அத்தனை குஞ்சும் சாம்பலாக வர வேண்டும், சேவல்கள் மட்டும் வரியோடு. கருங்குஞ்சின் தலையில் பொட்டு பளிச்சென்று தெரியும். சிலேட்டு நிறக் குஞ்சின் தலையில் அதே அளவுக்குத் தெரியுமா என்பதைப் பார்த்தாக வேண்டும். ஆடிக் காற்று ஓய்ந்ததும் முட்டையை அடைக்கு வைக்கிறேன். பொறித்ததும் தலைப்பொட்டு இருப்பதற்குச் சிவப்பு வளையம், இல்லாததற்குப் பச்சை. மூன்று மாதத்தில் கொண்டையும் கழுத்துச் சிறகும் முளைத்து எது சேவல் என்று தெரிந்துவிடும், அப்போது வளையத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.