டர்பன் வீட்டில் நான்கு பழைய கணினிகள், ஒரு கிளஸ்டர்

இன்றைய சுமாரான மடிக்கணினி ஒன்றே, கிளஸ்டராக, அதாவது ஒரே வேலையைப் பகிர்ந்து செய்யும்படி இணைத்த, நான்கு பழைய கோர் 2 டுவோ (பழைய இன்டெல் சில்லு) பெட்டிகளை வேகத்தில் மிஞ்சிவிடும். ஆனாலும் ஒரு வேலையைப் பல கணினிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் வித்தையைக் கையால் தொட்டுக் கற்க இதைவிட நல்ல வழி இல்லை. 1994இல் நாசாவில் ஸ்டெர்லிங்கும் பெக்கரும் கட்டிய பேவுல்ஃப் என்ற கிளஸ்டர், 16 சாதாரண 486 சில்லுகளை ஈதர்நெட்டால் இணைத்ததுதான்.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பக்கம் ஏதோ அலுவலகம் கழித்த பெட்டிகள் கிடைத்தால், முதலில் மதர்போர்டின் கெப்பாசிட்டர்களைப் பாருங்கள். தலை உப்பியிருந்தால் அந்தப் போர்டு வேண்டாம். கடற்காற்றில் ராமின் தொடுமுனைகள் மங்கிப்போகும். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். சிஆர்2032 பேட்டரியை நான்கிலும் மாற்றி, கடிகாரங்களை ஒத்திசைக்கும் க்ரோனி நிரலையும் போடுங்கள். கடிகாரங்கள் ஒத்துப்போகாவிட்டால், மூலநிரலை இயங்கும் நிரலாகத் தொகுக்க உதவும் 'மேக்' கருவி எந்தக் கோப்பு புதியது என்று தெரியாமல் குழம்பும்.

ஒரு கிகாபிட் சுவிட்ச், கேட்5இ கேபிள்கள், 192.168.10.1 முதல் 4 வரை நிலையான முகவரிகள், நான்கிலும் ஒரே பதிப்பு டெபியன் லினக்ஸ், கணினிகள் தமக்குள் செய்தி அனுப்பி வேலையைப் பகிர உதவும் ஓப்பன் எம்பிஐயும் ஒரே பதிப்பு. முதல் கணினியின் ஹோம் அடைவை என்எஃப்எஸ் (வலையமைப்பு வழிக் கோப்புப் பகிர்வு) வழியே மற்ற மூன்றுக்கும் பகிருங்கள். பயனர் எண் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கட்டும். இல்லையென்றால் அனுமதி மறுப்புதான். ஹோம் பொதுவானதால் கடவுச்சொல் இல்லாமல் மற்ற கணினிகளுக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சாவியை ஒருமுறை உருவாக்கி, அனுமதித்த சாவிகளின் கோப்பில் சேர்த்தால் போதும்.

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம், கணினிப் பெயர்களுக்கு முகவரி சொல்லும் ஹோஸ்ட்ஸ் கோப்பு. டெபியன் தானாக எழுதிவைக்கும் 127.0.1.1 வரியை நீக்காவிட்டால், கணினி தன் பெயருக்கு, மற்றவை எட்டக்கூடிய முகவரிக்குப் பதில், தனக்குள்ளேயே சுற்றும் முகவரியைத் தரும். எம்பிஐ வேலை தொடங்கி அப்படியே தொங்கும். அடுத்தது, சற்றுப் புதிய கணினியில் 'மார்ச் நேட்டிவ்' (அந்தக் கணினியின் சில்லுக்கேற்பத் தொகு என்ற கட்டளை) கொடுத்துத் தொகுத்த நிரல், பழையதில் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்' என்று விழும். இருப்பதில் பழைய சில்லுக்கே தொகுங்கள். வேலையைச் சமமாகப் பங்கிட்டால் மெதுவான கணினிக்காக மற்றவை காத்திருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

லோட் ஷெட்டிங் குறைந்திருந்தாலும் மின்வெட்டு இங்கே எப்போதும் கணக்கில் இருக்க வேண்டியதுதான். ஒரு கணினி அணைந்தாலும் எம்பிஐ வேலை முழுவதும் செத்துவிடும். ஆகவே நிரல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடைநிலையை வட்டில் எழுதட்டும். யூபிஎஸ் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் அதைப் பொது ஹோம் வட்டுள்ள முதல் கணினிக்கும் சுவிட்சுக்கும் கொடுங்கள். மற்ற மூன்றிலும் மின்சாரம் வந்ததும் தானாகக் கிளம்பும் பயோஸ் அமைப்பை அணைத்துவைத்து, முதல் கணினி எழுந்தபின் ஒவ்வொன்றாகப் போடுங்கள்.