பூநாரையின் முழங்கால்

மாஸ்டர் காலமான செய்தி வட்ஸ்அப் குழுவுக்கு வந்ததும் கைகூப்பிய படங்கள் மளமளவென்று விழுந்தன. நானும் ஒன்று போட்டேன். அடுத்த கிழமை பழைய மாணவர் சங்க மலர்க்குழுவிலிருந்து தொலைபேசி. "அவரைப்பற்றி நீதான் எழுதவேணும். உன்ர காலை வைச்செல்லோ படிப்பிச்சவர்."

எங்கள் பச்சுக்குத் தெரிந்த கதைதான். பின்னால் வந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். உயர்தர விலங்கியல், இன்ரேவலுக்கு முந்திய பாடம். மாஸ்டர் கரும்பலகையில் ஒரு பூநாரையைக் கீறிவிட்டுத் திரும்பினார். கண் என்னில் நின்றது. "தம்பி, இஞ்ச வா. உன்ர கால்தான் தோது."

நீளக்காற்சட்டையை முழங்காலுக்கு மேலே மடிக்கச் சொன்னார். சப்பாத்தைக் கழற்றி, குதியைத் தூக்கி, விரலில் நிற்கச் சொன்னார். சிவப்புச் சோக்கால் என் குதியில் ஒரு வட்டம், முழங்காலில் ஒரு வட்டம். "பறவை எப்பவும் இப்பிடித்தான் விரலிலை நிக்குது. நடுவிலை பின்னுக்கு மடியிறதை முழங்கால் எண்டு சொல்லுவினம். அது கணுக்கால். முழங்கால் மேலை, செட்டைக்குள்ள ஒளிஞ்சிருக்கு." மணி அடிக்கும்வரை என்னை இறங்கவிடவில்லை. கெண்டைக்கால் நடுங்கியது. என் காலின் மெலிவைப் பற்றியும் ஏதோ சொன்னார், அதை இங்கே எழுதப்போவதில்லை. வகுப்பு முழுவதும் சிரித்தது. அன்றைக்கு ஒட்டிய பெயர் இன்னும் போகவில்லை. போன ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஒருவன் என் மருமகளுக்கு முன்னால் "டேய் பூநாரை" என்று கூப்பிட்டான்.

அதே மாஸ்டர்தான் எங்களை ஆனையிறவுக்குக் கூட்டிப்போய் உண்மையான பூநாரையைக் காட்டுவதாகச் சொல்லி, பெயர்ப்பட்டியலும் எடுத்தார். பிறகு 1983 ஆடி வந்தது. பட்டியலைப் பற்றி யாரும் கேட்கவில்லை. சென்றிகளைத் தாண்டிக் குருவி பார்க்கப் போகும் காலமா அது? அடுத்த ஆண்டு நான் வெளிக்கிட்டேன். அவர் வெளிக்கிடவில்லை. கரண்ட் இல்லாத வருஷங்களிலும் அதே வகுப்பறையில் சோக்கோடு நின்றிருக்கிறார். நான் ஒரு கடிதம் போட்டதில்லை.

தை மாதம் ஊருக்குப் போனபோது பிரேயர் ஹோலில் இயற்கைப் புகைப்படக் கண்காட்சி. உயர்தரம் முடித்துவிட்டுக் கம்பஸ் அனுமதிக்குக் காத்திருக்கும் பெடியள் வைத்தது. வாசலில் மாஸ்டரின் படம் மாலையோடு இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. கேட்டபோது "எந்த சேர் அங்கிள்?" என்றான் ஒருவன். அவர் ஓய்வுபெறும்போது இவர்கள் அரிவரிக்கும் வந்திருக்கவில்லை. யாரைக் குறை சொல்வது?

படங்கள் நன்றாகவே இருந்தன. நெடுந்தீவுக் குதிரைகள் எதிர்பார்த்ததுதான். அவற்றை எடுக்காதவன் யாழ்ப்பாணத்தில் கமராக்காரன் இல்லை போலும். என்னை நிறுத்திவைத்தது வங்காலைப் படம். ஊசிவால் வாத்துகள் கூட்டமாய் எழும்புகின்றன, பின்னால் மன்னார்த் தீவில் 2020இல் எழுந்த காற்றாலைகள். 2010இலிருந்து வங்காலை ராம்சர் ஈரநிலம், அதாவது உலக முக்கியத்துவம் உள்ளதென்று பட்டியலிட்ட ஈரநிலம். மத்திய ஆசியாவிலிருந்து இறங்கும் பறவைகளுக்கும் அந்த முப்பது விசிறிகளுக்கும் வானம் ஒன்றுதான். எடுத்தவன் படத்துக்குத் தலைப்பு எதுவும் வைக்கவில்லை. கெட்டிக்காரன்.

"வலசைப் பறவைகள்" என்று ஒரு பகுதி தனியாக இருந்தது. புலம்பெயர்ந்த நம்மைப் பறவைகளோடு ஒப்பிட்டு நம் மலரில் ஆண்டுதோறும் ஒரு கவிதையாவது வருகிறது. நான் அந்தப் பக்கம் போகவில்லை.

அந்தப் பகுதியில்தான் பூநாரையும் இருந்தது. சுண்டிக்குளத்தில் எடுத்தது. 1938இலேயே சரணாலயமான இடம், 2015இல் தேசியப் பூங்காவாகியது. விடியமுன் சேற்றில் வயிறுபடக் கிடந்து எடுத்தானாம். பூநாரை நின்ற இடத்திலிருந்து அப்படியே பறந்துவிடாது, தண்ணீரின் மேல் ஓடி ஓடித்தான் எழும்பும். அந்த ஓட்டத்தில் பிடித்திருந்தான். கழுத்து முன்னே நீண்டு, செட்டை விரிந்து சிவப்பும் கறுப்பும் தெரிய, ஒரு பாதம் நீரைத் தொட, மற்றக் கால் பின்னுக்கு மடிந்திருந்தது. கீழே லேபிள்: "முழங்கால் பின்னோக்கி மடியும் அதிசயப் பறவை."

சும்மா வந்திருக்கலாம். வாய் கேட்கவில்லை. "தம்பி, அது முழங்கால் இல்லை." அவன் கைபேசியைத் தூக்கிக் கூகிளில் தேடத் தொடங்கினான். அது எனக்குப் பொறுக்கவில்லை. சப்பாத்தைக் கழற்றினேன். சத்திரசிகிச்சை செய்த முழங்காலோடு, தூணைப் பிடித்துக்கொண்டு, குதியைத் தூக்கி விரலில் நின்றேன். "இந்தா பார், இதுதான் குதி." பெடியள் சிரித்தார்கள். ஒருவன் வீடியோ எடுத்தான். கெண்டைக்கால் அப்போதுபோலவே நடுங்கியது. லேபிளைப் பெடியன் நகத்தால் உரித்தான்.

"அங்கிள் எங்க படிச்சனீங்கள்?"

"இஞ்சதான்."

"அப்ப பூநாரை கனக்கப் பாத்திருப்பியள்."

கனடாவில் மிருகக்காட்சிசாலையில் பார்த்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. நாளைக்கு விடிய நாலு மணிக்கு வான் வெளிக்கிடுகிறது, ஓர் இடம் கிடக்கு, வாங்கோ என்றான். அன்றிரவு பஸ்ஸுக்கு ரிக்கற் எடுத்திருந்தேன். கொழும்பில் ஒரு கலியாண வீடு, மாப்பிள்ளையை எனக்குத் தெரியாது. பேரப்பிள்ளைகளுக்கு ஆடியில்தான் லீவு, அவர்களோடு வருகிறேன் என்றேன்.

"ஆடியிலயோ?" என்றான் பெடியன். "அப்ப தண்ணி வத்திப்போயிடும் அங்கிள். ஒண்டும் நிக்காது. வந்தால் தையிலை வாங்கோ."