டேட்டா அனலிட்டிக்ஸ் பழக உங்கள் பேங்க் ஸ்டேட்மெண்ட்டே போதும்

டேட்டா அனலிட்டிக்ஸ், அதாவது தரவை அலசி விடை காணும் கலையைப் படிக்க ஆசைப்பட்டுத் தொடங்குகிறவர்கள் பலர் பாதியிலேயே விட்டுவிடுவதற்குக் காரணம், பயிற்சிக்குத் தரப்படும் தரவு யாருடையதோ என்பதுதான். அதில் வரும் பதில் தெரிந்தாலும் ஒன்றுதான், தெரியாவிட்டாலும் ஒன்றுதான். உங்கள் சேமிப்புக் கணக்கின் ஓராண்டு ஸ்டேட்மெண்ட்டை எடுத்துப் பாருங்கள். "சம்பளம் வந்த பத்தே நாளில் பணம் எங்கே போகிறது?" என்று ஒரு கேள்வியை முதலில் எழுதி வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

நெட் பேங்கிங்கில் சிஎஸ்வி கோப்பாக (மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து வைக்கும் எளிய எழுத்துக் கோப்பு) இறக்குங்கள். மூலக் கோப்பைத் தொடாமல் ஒரு நகலில் வேலை செய்யுங்கள். நகலை நோட்பேடில் திறந்து, மேலே இருக்கும் பெயர், முகவரி வரிகளையும் அடியில் இருக்கும் மொத்தத்தையும் நீக்கிவிட்டால், முதல் வரியே தலைப்பு வரியாக இருக்கும்.

கோப்பை டபுள் கிளிக் செய்து எக்செலில் திறக்க வேண்டாம். கணினி அமெரிக்கத் தேதி முறையில் இருந்தால், 03/04/2024 என்ற ஏப்ரல் 3, மார்ச் 4 ஆகிவிடும். 25/04/2024-க்கு 25-ஆம் மாதம் கிடையாது என்பதால், அது வெறும் எழுத்தாக இடப்பக்கம் ஒட்டி நிற்கும். பாதித் தேதிகள் தவறு, பாதி தேதியே இல்லை. எக்செல் ஒரு எச்சரிக்கையும் காட்டாது. அதனால் 'டேட்டா' பட்டியலில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' வழியாக எடுத்து, 'டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா' அழுத்துங்கள். பத்திகளின் வகையை எக்செலே ஊகித்துச் சேர்த்திருக்கும் 'சேஞ்ச்டு டைப்' படியை அழித்துவிட்டு, தேதிப் பத்தியில் எந்த நாட்டு முறை என்று சொல்லும் 'யூசிங் லொகேல்' மூலம் இங்கிலிஷ் (இந்தியா) என்று கொடுங்கள். தொகைப் பத்திகளை எண் வகையாக்குங்கள். பரிமாற்ற எண், கணக்கு எண் பத்திகளை டெக்ஸ்ட் ஆக்குங்கள். எக்செல் எண்களில் 15 இலக்கம்தான் வைத்துக்கொள்ளும். அதற்கு மேல் உள்ளவை பூஜ்யமாகிவிடும், முன்னால் இருக்கும் பூஜ்யமும் காணாமல் போகும்.

அடுத்தது சரிபார்ப்பு. இதைத் தாண்டிப் போகவே கூடாது. தொடக்க இருப்பு, அதோடு மொத்த வரவு, அதிலிருந்து மொத்தச் செலவைக் கழித்தால் இறுதி இருப்பு வர வேண்டும். ஒரு ரூபாய் இடித்தாலும் ஏதோ வரி விடுபட்டிருக்கிறது, அல்லது ஒரு தொகை எழுத்தாகவே நிற்கிறது என்று பொருள்.

இனி 'வகை' என்று ஒரு புதிய பத்தி: வாடகை, மளிகை, பெட்ரோல், மின்கட்டணம், மருந்து. பத்துக்கு மேல் வேண்டாம். உங்களுடைய இன்னொரு கணக்குக்கு அனுப்பிய பணம் செலவு ஆகாது. 'சொந்த மாற்றம்' என்று தனியே ஒதுக்குங்கள். கிரெடிட் கார்டு பில்லையும் கார்டில் வாங்கிய பொருள்களையும் சேர்த்து எழுதினால் ஒரே செலவு இரண்டு முறை விழும்.

தரவைத் தொகுத்துக் கூட்டித் தரும் எக்செலின் பிவட் டேபிளில் மாதத்தை வரிசையிலும் வகையைப் பத்தியிலும் வைத்தால் விடை தெரிய ஆரம்பிக்கும். சராசரியை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஆறு மாதச் செலவு 20, 21, 19, 22, 20, 60 ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 27 ஆயிரம். ஆனால் எந்த மாதமும் 27-ஐ ஒட்டி இல்லை. நடுமதிப்பு, அதாவது மீடியன், 20,500. அந்த 60-இல் தீபாவளித் துணிமணியோ ஆண்டு பிரீமியமோ இருக்கும். பிரீமியம் என்றால் 12-ஆல் வகுத்துப் பரப்பிக்கொள்ளலாம்.

இவ்வளவும் கைக்கு வந்த பிறகு, தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல் எடுங்கள். இலவசமாகக் கிடைக்கும் எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள மென்பொருளில் அதே தரவை ஏற்றி, பிவட்டில் வந்த தொகையை, வரிகளைக் குழுவாகத் தொகுக்கும் 'குரூப் பை' மூலம் வரவழையுங்கள். விடை ஏற்கெனவே கையில் இருப்பதால் தவறு உடனே தெரியும். கடைப் பெயருக்கு வகை சொல்லும் அட்டவணையை 'ஜாயின்' மூலம் தரவோடு இணைத்த பிறகு மொத்தம் கூடிவிட்டதா? ஒரே கடைப் பெயர் அதில் இரண்டு முறை இருக்கும். குறைந்துவிட்டதா? அட்டவணையில் இல்லாத கடைகளை 'இன்னர் ஜாயின்' தள்ளிவிட்டது. எல்லாப் பரிமாற்றங்களையும் வைத்துக்கொள்ளும் 'லெஃப்ட் ஜாயின்' போட்டு, வகை காலியாக வரும் வரிகளைத் தேடுங்கள்.