ஊட்டி வீட்டுக்கு ஹாட் அண்ட் கோல்ட் ஏசி: மாட்டும் முன் சில விஷயங்கள்

டிசம்பர், ஜனவரி இரவுகளில் ஊட்டிப் புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். ஆனாலும் மைனஸ் 15 டிகிரிக்கெல்லாம் போகாது. ஹாட் அண்ட் கோல்ட் ஏசி சூடு தரும்போது ஹீட் பம்பாக வேலை செய்யும்; அதற்கு ஏற்ற குளிர் இதுதான். ரூம் ஹீட்டர் 1 யூனிட் மின்சாரத்துக்கு 1 யூனிட் சூடுதான் தரும். ஹீட் பம்பு வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை இழுத்து உள்ளே தள்ளுவதால், வெளியே 7 டிகிரி இருக்கும்போது அதே 1 யூனிட்டில் சுமார் 3 யூனிட் சூடு கிடைக்கும்.

‘இன்வெர்ட்டர்’ என்று போட்டிருந்தாலே சூடும் தரும் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். கேஸ் ஓடும் திசையைத் திருப்பும் ஃபோர்-வே வால்வு இல்லையென்றால் அது வெறும் குளிர் ஏசிதான்.

ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று ஐந்தில் ஒரு பங்காவது லேசு. ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும், காயில் (கேஸ் ஓடும் குழாய்ச் சுருள்) காற்றோடு கைமாற்றும் சூடு குறையும். அதனால் கணக்குப்படி 1 டன் போதும் என்ற அறைக்கு 1.5 டன் எடுங்கள்.

சமவெளியிலிருந்து வரும் மெக்கானிக் தடுமாறுவது வேக்கம் போடும்போது, அதாவது பைப்பில் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பு வைத்து உறிஞ்சும்போது. கோயம்புத்தூரில் 28 அங்குலம் (பாதரச அளவில்) வரை இறங்கும் கேஜ் முள், ஊட்டியில் 23-க்குப் பக்கத்திலேயே நின்றுவிடும். காற்றழுத்தமே அவ்வளவுதான், லீக் இல்லை. லீக் என்று நினைத்து, செம்பு பைப்பை இணைக்கும் ஃப்ளேர் நட்டை மேலும் முறுக்கினால் செம்பு விரிசல் விட்டு, நிஜமாகவே லீக் ஆகும். பைப்பில் மிச்சமிருக்கும் அழுத்தத்தை நுணுக்கமாகக் காட்டும் மைக்ரான் கேஜ் மாட்டி, 500 மைக்ரானுக்குக் கீழே இறக்கச் சொல்லுங்கள். பம்புக்குப் போகும் வால்வை மூடி 10 நிமிடம் பார்க்க வேண்டும். கேஜில் எண் கொஞ்சம் ஏறி நின்றால் பைப்பில் ஈரம். நிற்காமல் ஏறினால் லீக்.

ஈரக்குளிர் விடியற்காலையில் அவுட்டோர் காயிலில் வெள்ளையாகப் பனி படியும். திடீரென்று இரண்டு ஃபேனும் நிற்கும், ‘புஸ்’ என்று ஒரு சத்தம், அவுட்டோரிலிருந்து புகை போல ஆவி கிளம்பும். பயப்பட வேண்டாம், சுவிட்சையும் அணைக்க வேண்டாம். இது டீஃப்ராஸ்ட், அதாவது ஏசி தானே பனியை உருக்கும் வேலை; சில நிமிடங்களில் முடிந்து மறுபடி சூடு வரும். அப்போது உருகும் தண்ணீர் வெளியேற, அவுட்டோரைத் தரையிலிருந்து ஒரு அடியாவது தூக்கி மாட்டுங்கள். அடித்தட்டின் ஓட்டை அடைத்திருந்தால் தண்ணீர் தேங்கி உறைந்து, ஃபேன் இறக்கையில் இடிக்கும்.

சூடான காற்று மேலே ஏறும். அதனால் ஹீட் மோடில் லூவர் (காற்றைத் திருப்பும் தகடு) கீழே பார்க்கட்டும். 20, 21 டிகிரி போதும். பழைய பங்களாக்களில் முதலில் ஜன்னல் இடுக்குகளை அடைத்துவிடுங்கள்.

மழைக்காலத்தில் சுவரில் பூஞ்சை வந்தால், ஈரத்தை இழுக்கும் ட்ரை மோடு போடாதீர்கள். அறை இன்னும் குளிர்ந்து போகும். ஹீட் மோடு போட்டு, ஒரு ஜன்னலைக் கொஞ்ச நேரம் விரலளவு திறந்து வையுங்கள்; ஈரம் வெளியேறும்.